பேரிடர் நேரத்தில் கொள்ளை பயம்: வீட்டையும் தெருவையும் எப்படித் தயார் செய்வது

புயலோ வெள்ளமோ வந்து, கரண்ட் போய் இரண்டு ராத்திரி ஆனால் போதும், "பூட்டின வீட்டையெல்லாம் உடைக்கிறாங்களாம்" என்று ஒரு பேச்சு தெருவுக்குத் தெரு கிளம்பிவிடும். அதைக் கேட்டுத்தான், முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறிய பிறகும், பீரோவை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று எத்தனையோ பேர் மொட்டை மாடியிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது படகு வந்து நின்ற பிறகும் ஏற மறுத்தவர்கள் உண்டு.

இதைப் பற்றி இதுவரை யோசித்துப் பார்க்காதவர்களுக்காக எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இப்படிப்பட்ட நேரத்தில் திருடன் எடுத்துப் போவது பொருளைத்தான். உயிரை எடுப்பவை பெரும்பாலும் நெரிசலும், வதந்தியும், பயத்தில் கம்பெடுத்து நிற்கிற நம்மைப் போன்ற ஆட்களும்தான். அதனால் தயாரிப்பும் அந்தக் கணக்கில் இருக்க வேண்டும்.

1. எங்கே நடக்கும், எங்கே நடக்காது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பேரிடர் நேரத்தில் மக்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஆராய 1963-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு மையம் தொடங்கினார்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான என்ரிக்கோ குவாரன்டெல்லி பல பத்தாண்டுகள் இதே வேலையாக இருந்தார். அவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது, புயலும் நிலநடுக்கமும் வந்த ஊர்களில் கூட்டமாகச் சேர்ந்து கடையை உடைப்பது அபூர்வம் என்பதைத்தான். நடக்கிற திருட்டும் ஒருவர் இருவர் ஆளில்லாத நேரம் பார்த்து மறைவாகச் செய்வது. கலவரத்தில் நடக்கும் சூறையாடல் வேறு ரகம், அது பட்டப்பகலில் கூட்டமாக, உள்ளூர்க்காரர்களே வெளிப்படையாகச் செய்வது.

விதிவிலக்குகள் உண்டு, அவற்றையும் சொல்லியாக வேண்டும். 1989 செப்டம்பரில் ஹியூகோ புயல் கரீபியக் கடலில், அமெரிக்காவுக்குச் சொந்தமான செயின்ட் குரோய் தீவை அடித்துப்போட்டபோது கடைகள் மொத்தமாகச் சூறையாடப்பட்டு, அமெரிக்கா ராணுவத்தை இறக்க வேண்டியதாயிற்று. 2010 பிப்ரவரி 27 அன்று சிலி நாட்டில் 8.8 அளவு நிலநடுக்கம் வந்தபோது கன்செப்சியோன் நகரில் பல்பொருள் அங்காடிகளைக் காலி செய்தார்கள், ஊரடங்கு போட்ட பிறகுதான் அடங்கியது. (போலீஸ் தேட ஆரம்பித்ததும் எடுத்ததைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தவர்களும் நிறைய.) நியூயார்க்கில் 1977 ஜூலை 13 ராத்திரி கரண்ட் போனபோது 1,600-க்கும் மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன, 3,700-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அதே ஊரில் 2003 ஆகஸ்ட் 14 அன்று மறுபடி கரண்ட் போனபோது அந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை, ஜனங்கள் பாலங்களில் கூட்டம் கூட்டமாக நடந்தே வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

இருட்டு மட்டும் காரணம் என்றால் இரண்டு முறையும் ஒன்றுபோல் நடந்திருக்க வேண்டும். 1977-இல் ஊரில் வேலையில்லை, நகராட்சி திவாலாகும் நிலையில் இருந்தது, ஜனங்களிடம் கோபம் ஏற்கனவே ஊறிக் கிடந்தது. நம் ஊர் உதாரணம் வேண்டுமென்றால் 2018 நவம்பர் கஜா புயலைப் பாருங்கள். புதுக்கோட்டை மாவட்டம் கொத்தமங்கலத்தில் அரசு வாகனங்களைக் கொளுத்தினார்கள். தண்ணீரும் கரண்டும் இல்லாமல், அதிகாரிகள் யாரும் வந்து எட்டிப் பார்க்கவில்லை என்ற ஆத்திரத்தில் சாலையை மறித்தவர்கள் அவர்கள்.

ஆக, உங்கள் பகுதியைப் பற்றி மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளம் வந்தால் எத்தனை நாளைக்குத் துண்டிக்கப்படுவோம்? குடிதண்ணீர் எத்தனை நாள் வரும்? ஊருக்குள்ளேயோ பக்கத்து ஊரோடோ ஏற்கனவே பகை இருக்கிறதா? மூன்றுக்கும் பதில் மோசமாக இருந்தால் உங்கள் தயாரிப்பு கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும்.

2. மழைக்கு முன்னாலேயே: காகிதம், காசு, நகை, காப்பீடு

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். இந்த வேலையைப் புரட்டாசியிலேயே முடித்துவிடுங்கள், ஐப்பசியில் நேரம் இருக்காது.

வீட்டுப் பத்திரம், பட்டா, நகை அடகு ரசீது, படிப்புச் சான்றிதழ், ரேஷன் அட்டை, ஆதார், வங்கிப் பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒரு கையால் தூக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி வையுங்கள். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் நம்பிக்கையான ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். ஆவணங்களைச் சேமிக்க அரசு தரும் டிஜிலாக்கர் செயலியில் ஏறுவதை ஏற்றிவிடுங்கள். இதைச் செய்துவிட்டால் வீட்டை விட்டுக் கிளம்பக் கால் தயங்காது, அதுதான் இதன் முக்கியமான பலன்.

காசு. டவர் போனால் ஜிபே, போன்பே எதுவும் வேலை செய்யாது, ஏடிஎம்மும் கரண்டை நம்பித்தான் இருக்கிறது. 2015-இல் அரை லிட்டர் பால் 50 ரூபாய்க்கும் 100 ரூபாய்க்கும் விற்றபோது கையில் சில்லறை வைத்திருந்தவர்கள்தான் குழந்தைக்குப் பால் வாங்கினார்கள். 10, 20, 50, 100 ரூபாய் நோட்டுகளாக ஒரு வாரச் செலவுக்கு வையுங்கள், வீட்டில் இரண்டு பேரிடம் பிரித்து. 500 ரூபாய் நோட்டை நீட்டினால் மாற்ற ஆளிருக்காது, தவிர நாலு பேர் பார்க்கிற இடத்தில் கட்டுக் காசை எடுக்கவும் கூடாது.

நகையை வங்கி லாக்கரில் வைப்பது நல்லதுதான், ஆனால் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: ரிசர்வ் வங்கி விதிப்படி, வங்கியின் கவனக்குறைவால் திருட்டோ தீயோ நடந்தால் ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரைதான் பொறுப்பு, வெள்ளம் மாதிரி இயற்கைச் சீற்றத்துக்கு வங்கி பொறுப்பில்லை. அடித்தளத்தில் லாக்கர் அறை இருக்கும் கிளை என்றால் யோசியுங்கள்.

அப்புறம் காப்பீடு. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. பழைய முறைத் தீ காப்பீட்டில், வெள்ளத்தின்போதோ அதற்குப் பிறகோ நடக்கும் திருட்டுக்குப் பணம் கிடையாது என்று ஒரு வரி இருக்கும். 2021 ஏப்ரல் 1 முதல் வந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில் புயல், வெள்ளம், கலவரம் ஆகியவற்றோடு, அவற்றால் நேர்ந்த திருட்டும் அடங்கும், ஆனால் சம்பவம் நடந்த 7 நாளுக்குள் நடந்திருக்க வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் பொருளுக்கும் சேர்த்து எடுத்திருக்கிறீர்களா, நகைக்குத் தனியாகச் சேர்த்திருக்கிறீர்களா என்று ஏஜென்டிடம் பாலிசியைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

3. தெருவில் யார் யார் என்று தெரிந்திருக்க வேண்டும்

கேட்டில் எத்தனை பூட்டு போட்டாலும், எதிர் வீட்டுக்காரர் "யாருப்பா அது?" என்று மாடியிலிருந்து கேட்கிற ஒரு குரலுக்கு ஈடாகாது. அந்தக் குரல் சும்மா வராது, உங்கள் பெயரும் முகமும் தெரிந்திருந்தால்தான் வரும். அடுக்குமாடியில் குடியேறி வருஷக்கணக்கில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாதவர்கள் இந்த வாரமே போய்ப் பேசுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில், போனில் இல்லை, நோட்டில்தான், தெருவிலுள்ள வீடுகள், தனியாக இருக்கும் முதியவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், வெளியூரில் இருப்பவர்களின் வீடு, சாவி யாரிடம் என்று எழுதி வையுங்கள். வாடகைக்கு இருக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள், தெருமுனையில் குடிசை போட்டிருப்பவர்கள், இரவு வாட்ச்மேன் இவர்களையும் அந்த நோட்டில் சேருங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் சந்தேகம் முதலில் விழுவது இவர்கள் மேல்தான். பட்டியலில் பெயர் இருப்பவர் நம் தெரு ஆள், அவருக்கும் சாப்பாடு போக வேண்டும்.

வாட்ஸ்அப் குரூப் இருக்கட்டும், ஆனால் டவர் போனால் அது செத்துவிடும். அதனால் ஒரு மாடி வீட்டைத் தேர்ந்தெடுத்து, காலை 8 மணிக்கும் மாலை 5 மணிக்கும் வீட்டுக்கு ஒருவர் அங்கே வந்து தகவல் சொல்வது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். வீட்டுக்கு ஒரு விசில் வாங்கி வையுங்கள். 112 அவசர எண், 1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறை, 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, சென்னை என்றால் மாநகராட்சியின் 1913. இவற்றோடு உங்கள் பகுதிக் காவல் நிலையத்தின் எண்ணையும் அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

4. கிளம்பச் சொன்னால் கிளம்புங்கள்

"நீங்கள் எல்லாம் போங்க, நான் வீட்டைப் பார்த்துக்கிறேன்" என்று அப்பாவோ தாத்தாவோ தங்கிவிடுவது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள். இருட்டில், பாம்பு மிதக்கும் தண்ணீரில், மாத்திரை தீர்ந்துபோன ஒரு பெரியவரால் எந்தத் திருடனையும் தடுக்க முடியாது. அவரை மீட்க இரண்டாவது முறை படகு வர வேண்டியிருக்கும், அந்தப் படகு வேறு யாருக்காவது போயிருக்க வேண்டியது.

போகும்போது மெயின் சுவிட்சையும் கேஸ் சிலிண்டரையும் அணையுங்கள். விலை அதிகமான சின்னப் பொருட்களை மேல்தளத்திலோ பரணிலோ ஏற்றுங்கள். ஜன்னல் திரையை மூடிவிடுங்கள். மாடி வீட்டில் தங்குபவர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள், காவல் நிலையத்திலும் வீடு பூட்டியிருக்கிறது என்று முகவரியோடு சொல்லுங்கள், ரோந்துப் பட்டியலில் சேர்ப்பார்கள். "வீட்டைப் பூட்டிட்டு முகாமுக்கு வந்துட்டோம்" என்று முகாமிலிருந்து ஸ்டேட்டஸ் போடுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

5. வதந்தியை உங்கள் போனிலேயே நிறுத்துங்கள்

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரினா புயலால் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் மூழ்கியபோது, ஆயிரக்கணக்கானோர் தஞ்சமடைந்த சூப்பர்டோம் அரங்கில் கொலைகளும் பாலியல் வன்முறையும் நடக்கின்றன என்று மேயரும் போலீஸ் தலைவருமே டிவியில் சொன்னார்கள். பிறகு கணக்கெடுத்தபோது அங்கே இறந்தவர்கள் ஆறு பேர், அதில் ஒருவர்கூடக் கொலை செய்யப்பட்டவர் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு பரவிக்கொண்டிருந்த நாட்களில், ஆகஸ்ட் 31 அன்று, மீட்பு வேலையிலிருந்த 1,500 போலீஸாரைக் கொள்ளையைத் தடுக்கத் திருப்பி அனுப்பினார் மேயர். கூரை மேல் நின்று கையசைத்துக்கொண்டிருந்தவர்கள் அங்கேயே நின்றார்கள். செப்டம்பர் 4 அன்று டான்சிகர் பாலத்தில் நிராயுதபாணியாக நடந்துபோனவர்களைப் போலீஸே சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள், நாலு பேர் காயமடைந்தார்கள். 1923 செப்டம்பரில் டோக்கியோ நிலநடுக்கத்துக்குப் பிறகு, கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்பது போன்ற வதந்திகள் ஆயிரக்கணக்கான கொரியர்களைக் கொன்றன.

நமக்கும் தெரிந்த கதைதான். சுனாமி வந்து நாலாவது நாள், 2004 டிசம்பர் 30 அன்று, மறுபடி அலை வருகிறது என்று மத்திய உள்துறையே எச்சரிக்கை விட, நாகப்பட்டினத்தில் நிவாரணப் பணியாளர்கள் உட்பட எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அலை வரவில்லை.

ஆகவே ஒரு செய்தி வந்தால் மூன்றைக் கேளுங்கள்: எந்தத் தெரு, எத்தனை மணிக்கு, கண்ணால் பார்த்தது யார்? "ஃப்ரெண்டோட சித்தப்பா சொன்னார்" என்று பதில் வந்தால் அந்தச் செய்தி உங்களிடமே நிற்கட்டும். 1077-க்கு அடித்துக் கேட்டுவிட்டு, பொய் என்று தெரிந்தால் குரூப்பில் அதையும் எழுதுங்கள், உண்மையை யாராவது ஒருவர் எழுதினாலே பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள். பேரிடர் குறித்துப் பொய்யான எச்சரிக்கை பரப்பிப் பீதி உண்டாக்கினால் 2005-ஆம் வருஷப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 54-ஆம் பிரிவின்படி ஒரு வருஷம் வரை சிறைத்தண்டனை உண்டு.

6. நிவாரண வரிசை: இங்கேதான் அதிகக் கவனம் வேண்டும்

2005 டிசம்பர் 18, சென்னை எம்.ஜி.ஆர். நகர். வெள்ள நிவாரண டோக்கன் கொடுக்கும் மாநகராட்சிப் பள்ளி வாசலில் விடியும் முன்பே கூட்டம். இன்றோடு டோக்கன் முடிகிறதாம் என்று பேச்சு, நடுவில் மழை, கதவு திறந்ததும் முண்டியடித்து விழுந்ததில் 42 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் வியாசர்பாடியில் இதே மாதிரி நிவாரண நெரிசலில் 6 பேர் இறந்திருந்தார்கள். வெள்ளத்தில் பிழைத்தவர்கள் இவர்கள் எல்லோரும், வாழ்க்கையை மறுபடி ஆரம்பிக்க உதவித்தொகை வாங்க வந்தவர்கள். கொள்ளை பயத்தில் கதவுக்கு இரண்டு பூட்டு போடுகிற நாம், இப்படிப்பட்ட வரிசைக்கு வயசான அம்மாவைத் தனியாக அனுப்புகிறோம்.

வரிசையில் நிற்பவராக இருந்தால்: குழந்தையையும் முதியவரையும் கூட்டிப்போகாதீர்கள். ஒரே ஒரு வாசல், அதுவும் மூடியிருக்கிறது, பின்னாலிருந்து ஆட்கள் சேர்ந்துகொண்டே இருக்கிறார்கள் என்றால் அங்கிருந்து விலகுங்கள், டோக்கன் நாளைக்கும் வரும். மாட்டிக்கொண்டால் இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் மடித்து மூச்சுக்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே விழுந்த செருப்பையோ பையையோ எடுக்கக் குனியாதீர்கள், கூட்டம் தள்ளும் திசையை எதிர்க்காமல் அதோடு நகர்ந்தபடியே சாய்வாக ஓரத்துக்குப் போங்கள். சுவருக்கும் கம்பி வேலிக்கும் அருகில் சிக்கிவிடாதீர்கள். யாராவது விழுந்தால் சுற்றியிருப்பவர்கள் கத்திச் சொல்லி, முதலில் அவரைத் தூக்கிவிடுங்கள்.

கொடுப்பவராக இருந்தால் பொறுப்பு இன்னும் கூடுதல். லாரி மேலிருந்து பொட்டலங்களைத் தூக்கி வீசாதீர்கள், அது மனிதரை அவமானப்படுத்துவது, ஆபத்தும்கூட. முன்கூட்டியே ஊருக்குப் போன் போட்டு, எத்தனை குடும்பம் என்று கேட்டு, அந்த எண்ணிக்கையைவிடக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துப்போய், தெரு வாரியாக வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுங்கள். இருட்டுவதற்குள் முடித்துவிடுங்கள். கஜா சமயத்தில் மெயின் ரோட்டை ஒட்டிய ஊர்களே லாரிகளை மறித்து இறக்கிக்கொள்ள, உள்ளே இருந்த கிராமங்கள் காய்ந்தன. வழியில் மறிப்பவர்களும் பசியோடு இருப்பவர்கள்தான், அவர்களுக்கென்று கொஞ்சம் தனியாக வைத்துக்கொண்டு கிளம்பினால் சண்டை வராது. எல்லோருக்கும் கிடைக்கும், கடைசி நாள் எது, அடுத்த லாரி எப்போது என்று திரும்பத் திரும்பச் சத்தமாகச் சொல்லுங்கள்.

7. தெருக் காவல் போடுவதென்றால்

போடலாம், ஆனால் எப்படி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் 2021 ஜூலையில் முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமா சிறைக்குப் போனதையொட்டி வெடித்த கலவரத்தில் இரண்டு மாகாணங்களில் 350-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டர்பனுக்கு வடக்கே ஃபீனிக்ஸ் என்று ஓர் ஊர், நிறவெறி ஆட்சிக் காலத்தில் இந்திய வம்சாவளியினருக்கென்று ஒதுக்கப்பட்டது, நம் தமிழ்ப் பெயர்களோடு வாழும் குடும்பங்கள் அங்கே ஏராளம். கடைகள் எரிகின்றன, போலீஸைக் காணோம், வாட்ஸ்அப்பில் "வந்துகொண்டிருக்கிறார்கள்" என்று குரல் பதிவுகள். ஜனங்கள் தெருமுனையில் டயரைப் போட்டு மறித்தார்கள், கையில் துப்பாக்கி இருந்தது. வேலைக்கும் பெட்ரோலுக்கும் சாப்பாட்டுப் பொருளுக்குமாகப் போய்க்கொண்டிருந்த கறுப்பினத்தவர்களை நிறுத்தி அடித்தார்கள், சுட்டார்கள். அந்தப் பகுதியில் 36 பேர் இறந்தார்கள். அந்த மக்களின் பயம் உண்மையானது, எரிந்த கடைகளும் உண்மை. ஆனாலும் சாலையை மறித்து, முகத்தைப் பார்த்து, இவன் யார் என்று தீர்மானிக்க ஆரம்பித்த நிமிஷத்திலேயே காவல் என்பது வேறொன்றாகிவிட்டது. நம் ஊரில் நிறத்துக்குப் பதில் சாதி, மதம், மொழி வந்து நிற்கும்.

எனவே சில விதிகளை முன்கூட்டியே எழுதி எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். ஆயுதம் கிடையாது, கம்பும் அரிவாளும் சேர்த்துத்தான். குடித்தவர் காவலுக்கு வரக் கூடாது. பொதுச் சாலையை மறிக்கக் கூடாது, யாரிடமும் அடையாள அட்டை கேட்கக் கூடாது. இரண்டு இரண்டு பேராக, டார்ச்சும் விசிலும் மட்டும். மாடியிலிருந்து பெண்களும் கவனிக்கலாம். தெரியாத ஆள் வந்தால் "யாரைப் பார்க்கணும், அண்ணா?" என்று கேளுங்கள், பெரும்பாலும் அவர் யாரையாவது தேடி வந்தவராக இருப்பார். திருடன்தான் என்று தெரிந்தால் விசில், விளக்கு, 112. ஓடினால் ஓடட்டும். பிடித்துக் கட்டிவைத்து அடித்தால் வழக்கு உங்கள் மேல் வரும், தற்காப்பு உரிமையைச் சட்டம் தருகிறது, ஆனால் தேவைக்கு மேல் காயப்படுத்த அது அனுமதிப்பதில்லை. இரவு காவல் போட்டிருக்கிறோம் என்று காவல் நிலையத்தில் பெயர்ப் பட்டியலோடு சொல்லிவிடுவது உங்களுக்கும் பாதுகாப்பு.

8. கடை வைத்திருப்பவர்களுக்கு

கல்லாவைத் தினமும் காலி செய்யுங்கள். கூட்டம் வந்தால் ஷட்டரைப் பாதி இறக்கி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ஆளுக்கு இவ்வளவுதான் என்று அளந்து, வழக்கமான விலைக்கே விற்றுத் தீருங்கள். விலை ஏற்றிய கடை மேல் விழும் கோபம் சீக்கிரம் ஆறாது. தெரிந்தவர்களுக்குக் கடன் எழுதிக்கொள்ளுங்கள். கூட்டம் கல்லெடுத்துவிட்டது என்றால் கடையை விட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விடுங்கள், வாசலில் நின்று பேசிப் பார்ப்பதோ போனில் வீடியோ எடுப்பதோ வேண்டாம். கலவர நஷ்டமும் உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் கலவரக் காப்பீட்டை அரசு நிறுவனமான சஸ்ரியாதான் தருகிறது, அதை எடுக்காமல் விட்டிருந்த சின்னக் கடைக்காரர்களுக்குக் காப்பீட்டுப் பணம் வரவில்லை.

9. திரும்பி வந்த பிறகு

பூட்டு உடைந்திருந்தால் தனியாக உள்ளே போகாதீர்கள், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். சுத்தம் செய்ய ஆரம்பிக்கும் முன் ஒவ்வோர் அறையையும் படமும் வீடியோவும் எடுங்கள், சுவரில் தண்ணீர் நின்ற கோட்டையும் சேர்த்து. தண்ணீர் இழுத்துப்போனது எது, ஆள் எடுத்துப்போனது எது என்று இரண்டு பட்டியலாக எழுதுங்கள், காப்பீட்டுக்காரர் அதைத்தான் முதலில் கேட்பார். திருட்டு என்றால் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சிஎஸ்ஆர் ரசீதோடு நிறுத்தாமல் எஃப்ஐஆர் நகலையும் கேட்டு வாங்குங்கள். சம்பவத்திலிருந்து 7 நாளுக்குள் திருட்டு நடந்திருக்க வேண்டும் என்று காப்பீட்டில் இருப்பதால், திருட்டு நடந்த தேதி தெரியாவிட்டாலும் வீட்டைப் பூட்டிய தேதியையும், வந்து பார்த்த தேதியையும் புகாரில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.